மேடும் பள்ளமும் மருந்தாகும்: உடற்பருமன், ஆக்ஸிஜனேற்ற அழுத்தம், உடற்பயிற்சி பற்றி மலைவாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஒருமுறையாவது போய் வந்தவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். வாட்டி அரைத்த பச்சைக் கொழுந்து காற்றுப் படப்படக் கண்ணெதிரே செம்பு நிறத்துக்கு மாறும். அதை நொதித்தல் என்று சொல்வது வழக்கம். உண்மையில் நடப்பது ஆக்ஸிஜனேற்றம். அளவோடு நடந்து, உரிய நேரத்தில் உலர்த்தும் எந்திரத்துக்குள் போய்விட்டால் நிறமும் மணமும் உள்ள தூள் கிடைக்கும். நேரம் தப்பினால் அந்த ஈடு முழுவதும் கெட்டுவிடும். இலையைக் கெடுப்பதும் அதே ஆக்ஸிஜன்தான், தேநீராக்குவதும் அதே ஆக்ஸிஜன்தான்.

குன்னூரில் பிசியோதெரபி செய்பவன் நான். எடை கூடியவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் இந்தக் கொழுந்தைத்தான் உதாரணம் காட்டுகிறேன். ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் பலர் ஒரே குறையோடு வருகிறார்கள்: "இரண்டு மாதமாக நடக்கிறேன், எடை ஒரு கிலோதான் இறங்கியது. நடந்து என்ன பயன்?" எடை மிஷின் காட்டாத பயன்தான் பெரிய பயன் என்று அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. அந்த விளக்கமும், அதைச் செயலாக்கும் வழியும் சேர்ந்ததுதான் இந்த வழிகாட்டி.

எடையின் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி இருக்கிறது. அரை மணி நேரம் சமதளத்தில் வேகமாக நடந்தால் சுமார் 150 செலவாகும். சாப்பாட்டைத் தொடாமல் நடையை மட்டும் நம்பினால் ஒரு கிலோ குறைய 50 நாள் ஆகும். ஆகவே இரண்டு மாதத்தில் ஒரு கிலோ என்பது தோல்வி அல்ல, கணக்கு அப்படித்தான்.

கொழுந்து குவிந்த முற்றம்: பருமனான உடலுக்குள் நடப்பது

நம் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. சாப்பிட்ட சர்க்கரையும் கொழுப்பும் கடைசியில் அங்கே ஆக்ஸிஜனோடு சேர்ந்து ஆற்றலாகின்றன. அந்த வேலையில் ஆக்ஸிஜனின் ஒரு சிறு பங்கு பாதி வழியில் தப்பி, சூப்பர் ஆக்ஸைடு என்ற துடுக்கான மூலக்கூறாகிவிடும். அதுவும் அதன் வழித்தோன்றல்களும் பக்கத்தில் இருக்கும் கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எதையும் விட்டுவைப்பதில்லை. இவற்றை அடக்கும் காவலர்களை உடலே தயாரித்துக்கொள்கிறது. சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் (1969இல் கண்டறியப்பட்டது), கேட்டலேஸ், குளூட்டதயோன் பெராக்ஸிடேஸ் என்ற மூன்று நொதிகள் அவற்றில் முக்கியமானவை. காவலர்களின் கைக்கு மிஞ்சித் துடுக்கு பெருகும் நிலையைத்தான் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்கிறோம்.

கொழுந்து சீசனில் தொழிற்சாலை அரைக்கும் அளவைவிட அதிகமாக இலை வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? மூட்டைக்குள் அமுங்கிய இலை தானாகவே சூடேறிக் கருகும். பருமனான உடலில் நடப்பதும் இதுவே. எரிபொருள் வந்துகொண்டே இருக்கிறது, உட்கார்ந்த இடத்தை விட்டு எழாததால் ஆற்றலுக்குத் தேவை இல்லை. மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் எரிபொருள் தேங்குகிறது, தப்பி ஓடும் ஆக்ஸிஜனின் பங்கும் கூடுகிறது.

கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு அல்ல. அளவுக்கு மீறி வீங்கிய கொழுப்புச் செல்களைச் சுற்றி மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளை அணுக்கள் வந்து குவிகின்றன. அவை டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன, தம் பங்குக்குத் துடுக்கு மூலக்கூறுகளையும் உமிழ்கின்றன. சர்க்கரையைச் செல்லுக்குள் அனுப்பும் இன்சுலினுக்குத் துணைநிற்கும் அடிபோனெக்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. இவையெல்லாம் சேர்ந்து தசைக்குள் இன்சுலினின் சொல் எடுபடாமல் செய்கின்றன. சர்க்கரை ரத்தத்திலேயே நிற்க, அந்த மிகைச் சர்க்கரை மேலும் ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டுகிறது. வயிற்றுக்குள் குடலைச் சூழ்ந்திருக்கும் கொழுப்புதான் இதில் மோசமானது. அங்கிருந்து புறப்படும் ரத்தம் நேரே கல்லீரலுக்குப் போகிறது. தொடை பருத்தவரைவிட வயிறு பருத்தவரைப் பார்த்து நான் அதிகம் கவலைப்படுவது இதனால்தான்.

உடற்பயிற்சி எரிக்கிறதா, அணைக்கிறதா?

இரண்டும் செய்கிறது. இந்த வழிகாட்டியின் உயிர்நாடி இதுதான்.

களைத்து விழும்வரை எலிகளை ஓடவைத்துப் பார்த்தபோது அவற்றின் தசையிலும் கல்லீரலிலும் துடுக்கு மூலக்கூறுகள் இரண்டு மூன்று மடங்கு கூடியிருந்ததை 1982இல் கெல்வின் டேவிஸும் உடனிருந்தவர்களும் காட்டினார்கள். அப்படியானால் உடற்பயிற்சி கெடுதலா என்ற கேள்வி எழுந்தது. விடை மெல்ல மெல்லத் தெளிந்தது. ஒரு வேளைப் பயிற்சியில் எழும் அந்தச் சிறு கொந்தளிப்பே உடலுக்கு ஒரு செய்தி. என்ஆர்எஃப்2 என்ற புரதம் அதைக் கேட்டு, காவல் நொதிகளை அதிகம் தயாரிக்கச் சொல்கிறது. பிஜிசி-1 ஆல்ஃபா என்ற இன்னொன்று புதிய மைட்டோகாண்ட்ரியாக்களைக் கட்டச் சொல்கிறது. வாரக்கணக்கில் பயிற்சி தொடரும்போது தொழிற்சாலை பெரிதாகிறது, காவலும் பலப்படுகிறது. பயிற்சி பெற்ற எலிகளின் தசையில் மைட்டோகாண்ட்ரியா நொதிகள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று ஜான் ஹாலோசி 1967இலேயே காட்டிவிட்டார்.

வளர்சிதை மாற்றத்தில் பலன் இன்னும் விரைவாகத் தெரியும். தசை சுருங்கும்போது ஏஎம்பிகே என்ற நொதி விழித்து, குளூட்-4 என்ற சர்க்கரை வாசல்களைச் செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. இதற்கு இன்சுலினின் அனுமதி தேவையில்லை. இன்சுலினுக்குச் செவிசாய்க்காத தசைகூட நடைக்குச் செவிசாய்க்கும். அந்தப் பலன் ஒன்றிரண்டு நாள் நீடித்து மங்கும். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு குறைகிறது, கல்லீரல் கொழுப்பு எடை இறங்காவிட்டாலும் கரைகிறது.

டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையை மையமாகக் கொண்டு நடந்து, 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை நான் எல்லோருக்கும் சொல்கிறேன். நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரில், நடையையும் உணவையும் திருத்திக்கொண்ட பிரிவினருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அதுவும் எடையில் பெரிய வீழ்ச்சி இல்லாமலே.

படி 1: அளவெடுங்கள்

நம்மவர்களுக்கு பிஎம்ஐ (கிலோ எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது) 23 தாண்டினாலே மிகை எடை, 25 தாண்டினால் உடற்பருமன். அதைவிட இடுப்புச் சுற்றளவு முக்கியம். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். எங்கள் ஊரில் ஸ்வெட்டரைக் கழற்றாமலே அளந்துகொண்டு வந்து காட்டுகிறார்கள். கழற்றிவிட்டு அளந்தால் முதல் நாளே நான்கு சென்டிமீட்டர் "குறைந்துவிடும்", பிறகு மாதக்கணக்கில் குறையாது. முதலிலேயே சரியாக அளந்துவிடுங்கள்.

ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), ட்ரைகிளிசரைடு, எச்டிஎல் (நல்ல கொழுப்பு), எஸ்ஜிபிடி (கல்லீரல் நொதி) ஆகியவை போதும். ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தை நேரடியாக அளக்க ஆய்வகங்களில் மலோண்டையால்டிஹைடு, ஐசோபுரோஸ்டேன் போன்றவற்றைப் பார்ப்பார்கள். அது ஆராய்ச்சிக்கு உரியது, உங்கள் பணத்தை அதில் போட வேண்டாம்.

நெஞ்சுவலி வந்தவர்கள், இதய நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், நீரிழிவால் கண்ணோ பாதமோ பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது. இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் நான்கு மிட்டாய் வைத்திருக்க வேண்டும்.

படி 2: முதல் இரண்டு வாரம், சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம்

மேட்டை மறந்துவிடுங்கள். பள்ளி மைதானம், வீட்டு வாசல், மொட்டை மாடி, எதுவாக இருந்தாலும் சமதளம் போதும். கொடைக்கானல்காரர்களுக்கு ஏரியைச் சுற்றிய ஐந்து கிலோமீட்டர் சாலை இருக்கிறது, கொடுத்து வைத்தவர்கள். மூன்று வேளையும் சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிட நடை. ரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கும் அந்த வேளையில் தசை அதைப் பிடித்து இழுத்துக்கொள்ளும்.

"விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து நட" என்ற சமவெளி அறிவுரையை இங்கே கடைப்பிடிக்காதீர்கள். அந்த நேரத்தில் தேயிலைக்காட்டுப் பாதை காட்டெருமைக்கும் கரடிக்கும் உரியது. கடுங்குளிர் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். நன்றாக வெளிச்சம் வந்தபின், காலை எட்டு முதல் மாலை ஐந்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். இன்னொன்று: மூன்று அடுக்குக் கம்பளி உடுத்தி வியர்வையை வரவழைத்தால் கொழுப்பு கரையாது. வெறும் தண்ணீர்தான் போகும்.

படி 3: மூன்றாம் வாரம் முதல் ஏற்றம்

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே ஒவ்வொரு மூச்சிலும் ஆக்ஸிஜன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஊட்டியில் இன்னும் கொஞ்சம் குறையும். இங்கேயே வாழ்கிறவர்களுக்கு உடல் பழகியிருந்தாலும், கோயம்புத்தூரில் 40 நிமிடம் நடந்த அதே வேகம் இங்கே கூடுதல் உழைப்பாகும். கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்ப வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில நாடியை அமுக்கிவைக்கும். பேச்சையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கொழுப்பு அதிகம் எரிவதும் ஏறக்குறைய இந்த மிதமான உழைப்பில்தான்.

பேக்கரி வைத்திருக்கும் ஓர் அக்காவைக் கீழ்ப் பேருந்து நிலையத்திலிருந்து பெட்ஃபோர்டு நோக்கி ஏறும் படிக்கட்டில் முதல்முறை அழைத்துப்போன நாள் நினைவிருக்கிறது. நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்தே பழகியவர். பதினெட்டாவது படியில் நின்றுவிட்டார். கைப்பிடிக் கம்பியைப் பற்றிய விரல்கள் வெளுத்திருந்தன, மூக்குக் கண்ணாடியில் மூச்சு ஆவி படிந்து எதிரே எதுவும் தெரியவில்லை.

"என்னால் முடியாது சார்."

"இப்போது பேசுகிறீர்களே அக்கா. நூறிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள், மூச்சு அடங்கட்டும்."

தொண்ணூற்று இரண்டு வரை திணறினார், எண்பதுக்கு வந்தபோது குரல் சீரானது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பத்துப் படி ஏறினார். அன்றைய பயிற்சி அவ்வளவுதான். பத்துப் படி ஏறு, நின்று மூச்சு அடங்கவிடு, மறுபடி பத்து. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு வாரமும் நிற்கும் இடங்களில் ஒன்றைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல் ஏதாவது வந்தால் அங்கேயே உட்காருங்கள், உதவிக்குக் கூப்பிடுங்கள். மேலே ஏறி முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

படி 4: இறக்கமும் பயிற்சிதான்

இதைத்தான் எங்கள் ஊர் மக்கள் கவனிப்பதே இல்லை. இறங்குவது சும்மா என்று நினைக்கிறார்கள். ஆஸ்திரியாவில் ஹைன்ஸ் ட்ரெக்ஸல் என்ற மருத்துவரும் குழுவினரும் உடலுழைப்பு இல்லாதவர்களை ஆல்ப்ஸ் மலைச்சரிவு ஒன்றில் இரண்டு மாதம் ஏறவைத்தார்கள், இறங்குவதற்கு ரோப் கார். இன்னொரு இரண்டு மாதம் ரோப் காரில் ஏறி, நடந்து இறங்கினார்கள். 2008இல் வெளியான முடிவு இது: ஏறியபோது உணவுக்குப் பின் ரத்தத்தில் மிதக்கும் ட்ரைகிளிசரைடை உடல் நன்றாகக் கையாண்டது. இறங்கியபோது சர்க்கரையை நன்றாகக் கையாண்டது. கெட்ட கொழுப்பான எல்டிஎல் இரண்டிலும் குறைந்தது.

நமக்கு ரோப் கார் எதற்கு, டவுன் பஸ் இருக்கிறதே. மூச்சு வாங்குபவர்கள், மிகவும் பருத்தவர்கள் பஸ்ஸில் மேலே போய் நடந்து இறங்குவதிலிருந்து தொடங்கலாம். இறங்கும்போது தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்குகிறது. அதற்கு வேண்டிய ஆக்ஸிஜன் மிகக் குறைவு, இதயத்துக்கும் சுமை குறைவு. 1874இல் அமைத்த சிம்ஸ் பூங்காவின் பாதைகள் மேல் வாசலிலிருந்து பள்ளத்தை நோக்கி வளைந்து இறங்குகின்றன. இறங்கினால் ஏறித்தானே திரும்ப வேண்டும், இரண்டு மருந்தும் ஒரே டிக்கெட்டில் கிடைக்கும்.

முதல் முறை இறங்கிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் முன்தொடை விண்விண்ணென்று வலிக்கும். தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியுமே காரணம். அந்த நாள்களில் ஆக்ஸிஜனேற்ற அழுத்தமும் சற்றுக் கூடியிருக்கும். அடுத்த முறை வலி பாதியாகும், உடல் அவ்வளவு விரைவாகக் கற்றுக்கொள்கிறது. ஆனால் முழங்கால் மூட்டு வேறு கதை. படி இறங்கும்போது மூட்டில் உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் பாரம் விழுகிறது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் கைத்தடி பிடித்து, குறுகிய அடி வைத்து, முழங்காலைச் சற்று மடக்கியே இறங்க வேண்டும். மூட்டு வீங்கினால் இறக்கத்தை நிறுத்திவிட்டுச் சமதளத்துக்குத் திரும்புங்கள். மழையில் பாசி பிடித்த படிக்கட்டைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 5: தசையைச் சேர்த்தல்

வாரத்தில் இரண்டு நாள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருதல், சுவரில் கை வைத்துத் தள்ளுதல், தண்ணீர்ப் பாட்டில்களைத் தூக்குதல் ஆகியவை. ஒவ்வொன்றும் பத்து முறை, இரண்டு மூன்று சுற்று. ரத்தத்துச் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும் இடம் தசைதான். இடம் கூடினால் தேக்கம் குறையும்.

படி 6: ஆன்டி ஆக்ஸிடன்ட் (ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும்) மாத்திரையைத் தள்ளி வையுங்கள்

"ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்றால் ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை போட்டால் போயிற்றே" என்று கேட்பவர்கள் உண்டு. ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோவும் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்கள் நான்கு வாரம் பயிற்சி செய்தார்கள். பாதிப் பேருக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 யூனிட் வைட்டமின் இ. மாத்திரை எடுக்காதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது, காவல் நொதிகளும் பெருகின. மாத்திரை எடுத்தவர்களுக்கு அந்தப் பலன் வரவில்லை. உடலுக்கு வந்த செய்தியை மாத்திரை வழியிலேயே மறித்துவிட்டது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைச் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் காசு கொடுத்து அந்த ஆபத்தை ஏன் வாங்க வேண்டும்? குறைபாடு இருப்பதால் மருத்துவர் எழுதிக் கொடுத்த வைட்டமினை நான் சொல்லவில்லை, அதை நிறுத்தாதீர்கள்.

உணவில் வருவது வேறு. இந்த மலையில் விளையும் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பச்சைப் பட்டாணி, பிளம்ஸ், மரத்தக்காளி, பருவத்தில் கிடைக்கும் தவிட்டுப்பழம் எல்லாவற்றையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். குளிருக்கு இதமாக நாளுக்கு ஆறு டீ என்பது இங்கே வழக்கம். டீ கெடுதல் இல்லை. இரண்டு ஸ்பூன் சர்க்கரை வீதம் ஆறு டீயில் ஏறக்குறைய 60 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது, அரை மணி நேர நடையில் செலவானதைவிட அதிகம். கூடவே தொட்டுக்கொள்ளும் வர்க்கியை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 7: கூட்டுவதில் நிதானம்

ஒரே மாதத்தில் தொட்டபெட்டா சிகரத்துக்கு ஓடியேறத் துடிப்பவர்களும் வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. எட்டாவது வாரத்தில் 150ஐத் தொட்டால் போதும். தூக்கம் கெட்டு, காலையில் எழும்போதே களைப்பாக இருந்தால் அளவு மீறிவிட்டது, இரண்டு நாள் ஓய்வெடுங்கள். ஆனால் இரண்டு நாளுக்கு மேல் சேர்ந்தாற்போல் விடாதீர்கள், தசையில் திறந்த அந்தச் சர்க்கரை வாசல்கள் அதற்குள் பழையபடி மூடிக்கொள்ளும்.

படி 8: பன்னிரண்டாம் வாரம்

முதல் நாள் அளந்ததையெல்லாம் மறுபடி அளங்கள், எடையைக் கடைசியாகப் பாருங்கள். பேக்கரி அக்காவுக்கு எடை இரண்டு கிலோதான் இறங்கியிருந்தது. இடுப்பில் ஐந்து சென்டிமீட்டர் குறைந்திருந்தது, ட்ரைகிளிசரைடு எல்லைக்குள் வந்திருந்தது. பெட்ஃபோர்டு வரை ஒரே ஓர் இடத்தில்தான் நின்றார், அதுவும் எதிரே வந்த நாத்தனாரிடம் பேசுவதற்காக.

மழைக்காலத்துக்கு

அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் குன்னூர்ப் பக்கம் பல நாள்கள் வெளியே கால் வைக்க முடியாது. பயிற்சியை நிறுத்தினால் மைட்டோகாண்ட்ரியாவில் கண்ட வளர்ச்சி சில வாரங்களிலேயே கரையத் தொடங்கும். வீட்டு வாசற்படி ஒன்று போதும்: வலது காலால் ஏறி இடது காலால் இறங்கி, பிறகு கால் மாற்றி, சாப்பாட்டுக்குப் பின் ஐந்து நிமிடம் மூன்று வேளை. வாரம் இரண்டு நாள் நாற்காலிப் பயிற்சியை அப்படியே தொடரலாம். மழை விட்ட முதல் நாள் பழைய தூரத்தில் பாதியிலிருந்து தொடங்குங்கள், ஈரம் காய்ந்த பாதையாகப் பார்த்து.